பெமாவின் அப்பா

2024 நவம்பர் 14, வியாழன்

இன்று ஒரு கோப்பையைக் கழுவிவிட்டேன். கழுவியிருக்கக் கூடாது.

ஒழுங்காக எழுதுகிறேன். இங்கே ஜெர்மனியில் நான் போகும் மாலை எழுத்து வகுப்பில் ஆசிரியை கொடுத்த வேலை இது: இருவர் இருவராகச் சேர்ந்து, ஒருவர் மற்றவருடைய தாயின் அல்லது தகப்பனின் வாழ்க்கையை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்த சோடி பெமா. திபெத்துக்காரி, முப்பத்து நாலு வயது, முதியோர் இல்லத்தில் வேலை. நான் அவளுடைய அப்பா தொண்டுப்பை எழுதுகிறேன். அவள் என் அப்பாவை எழுத வேண்டும். ஆனால் அப்பா, "எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை பிள்ளை" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். பெமா இன்னும் காத்திருக்கிறாள்.

இன்று பிற்பகல் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். தொண்டுப்பைக் காலையிலேயே மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். பித்தப்பையில் கல், நாளை சத்திரசிகிச்சை. பெமா அனுப்பிய செய்தியை நான் பார்க்கவில்லை. வீட்டில் அவளுடைய அம்மா யாங்சோம் மட்டும் இருந்தார். பக்கவாதத்தில் வலது கை வழங்காதவர். இடது கையால் சூடு காக்கும் போத்தலைச் சாய்த்து எனக்கு வெண்ணெய்த் தேநீர் ஊற்றினார். அதில் உப்புப் போடுவார்கள். எனக்கு இன்னும் பழகவில்லை.

போன வீட்டில் குடித்தால் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வரவேண்டும், வீட்டுக்காரி நோயாளி என்றால் கட்டாயம் என்பது அம்மா எனக்குப் பழக்கியது. என் கோப்பையோடு, மேசை ஓரத்தில் நிரம்பியபடி ஆறிக் கிடந்த இன்னொன்றையும் எடுத்துப் போய் ஊற்றிக் கழுவினேன். யாங்சோம் பின்னால் நின்று ஏதோ சொன்னார். உபசாரத்துக்குத் தடுக்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன்.

பெமா வந்த பிறகுதான் விளங்கியது. வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்டுப் போகும்போது அவருடைய கோப்பையை நிரப்பி, அவர் திரும்பும்வரை அப்படியே வைத்திருப்பார்களாம். "பரவாயில்லை" என்றாள் பெமா. யாங்சோம் என்னைப் பார்க்கவில்லை.

வெட்கமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் வேறொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பொறாமை என்று பெயர் வைக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் அப்பாவுக்கு யாரும் எதையும் நிரப்பி வைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

நவம்பர் 15, வெள்ளி

சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்ததாகப் பெமா செய்தி அனுப்பினாள். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன். தொண்டுப் பதினேழு வயதில் நேபாளத்தின் முஸ்டாங் மலைக்குப் போய், சீனப் படையோடு போராடிக்கொண்டிருந்தவர்களுடன் சேர்ந்தார். முதல் பனிக்காலத்தில் சாப்பாடு வந்து சேரவில்லை. சப்பாத்துத் தோலை அவித்துத் தின்றார்கள். குதிரைகளில் எல்லை தாண்டிப் போய் இராணுவ வண்டிகளைத் தாக்கிவிட்டுத் திரும்புவார்கள். பதினான்கு வருடம் இப்படி. 1974இல், ஆயுதங்களைக் கையளிக்கச் சொல்லித் தலாய் லாமாவின் குரல் பதிந்த நாடா வந்தது. தொண்டுப் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு, பொக்காராவில் மனைவி இருந்த அகதி முகாமுக்கு நடந்து போய்க் கம்பளம் நெய்தார்.

இந்தப் பகுதியை எழுதுவது சுலபமாக இருந்தது. மற்றப் பகுதியில்தான் கை நிற்கிறது. சண்டைக் காலத்திலும் வருடம் ஒருமுறை, ஒரு கிழமைக்கு மேல் நடந்து இறங்கி, அந்த முகாமில் இருந்த மூத்த மகனைப் பார்க்கப் போவாராம். காய்ந்த பாற்கட்டிகளை நூலில் கோத்துக்கொண்டு போய் மகனின் கழுத்தில் மாலையாகப் போடுவாராம். இப்போது எண்பத்தொரு வயதில், தினமும் காலையில் யாங்சோமுக்குத் தலை பின்னிவிடுகிறார். பெமா வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்தில் போய் நிற்கிறார். முப்பத்து நாலு வயதுப் பெண்ணுக்கு! அந்த ஆச்சரியக்குறியை வெட்ட வேண்டும். பெமாவின் அப்பாவைப் பற்றிய பக்கத்தில் நான் முறைப்பாடு எழுதக் கூடாது.

என் அப்பாவும் இலங்கையில் இயக்கத்தில் சேர்ந்து போராடியவர். அவருடைய முகாம் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் அரை மணித்தியாலம். அம்மா ஒருமுறை வாய்தவறிச் சொன்னது. எனக்கு ஏழு வயதில் அவர் ஜெர்மனிக்கு வந்துவிட்டார். அதுவரை நான் அவரைக் கண்ட நாட்கள் கைவிரலுக்குள் அடங்கும். முகாமுக்கும் வீட்டுக்கும் இடையில் மலையும் இல்லை, பனியும் இல்லை.

சாப்பிடும்போது கோப்பைக் கதையைச் சொன்னேன்.

"மற்ற ஆக்களின்ர வீட்டிலை மட்டும் கோப்பை கழுவுவியோ?" என்றார் அம்மா. "இஞ்சை ரெண்டு நாளாக் குவிஞ்சு கிடக்கு."

அப்பா சிரிக்கவில்லை. "போன மனுசனுக்கு வைச்சதையோ ஊத்தினனீ?"

"எனக்குத் தெரியாதப்பா."

"நாளைக்கு நானும் வாறன். நேரை போய் மன்னிப்புக் கேக்கவேணும்."

என் பள்ளிக்கூடப் பெற்றோர் கூட்டம் ஒன்றுக்குக்கூட வராதவர். பெமாவின் அப்பாவுக்காக, சனத்தால் நிரம்பும் சனிக்கிழமையில், தான் வேலை செய்யும் உணவகத்துக்கு லீவு சொன்னார்.

நவம்பர் 16, சனி

அப்பா கோயிலுக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோடம்பழங்கள் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். தொண்டுப் கட்டிலில் சாய்ந்திருந்தார். பெமா அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு நின்று, தன் உடைந்த ஜெர்மனில், மகள் தெரியாமல் செய்துவிட்டாள் என்றார்.

தொண்டுப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவருடைய ஜெர்மனும் உடைந்ததுதான்.

"என் தம்பிக்கும் கோப்பை நிரப்பினோம். அவன் வரவில்லை. என்னுடையதை இவள் ஊற்றினாள். நான் இருக்கிறேன். தேநீருக்கு ஒன்றும் தெரியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "யாங்சோமிடம் இதைச் சொல்லாதே. என்னை வீட்டுக்குள் விடமாட்டாள்."

போர்வைக்கு வெளியே அவருடைய கால் தெரிந்தது. இரண்டு விரல்கள் இல்லை. இத்தனை சந்திப்பில் அவரைக் காலுறையோடுதான் பார்த்திருக்கிறேன். எனக்கு இது தெரியாது. அப்பா அதைப் பார்த்து, "பனியா?" என்று கேட்டார்.

"பனி."

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காற்சட்டையை முழங்கால்வரை உயர்த்தினார். "ஷெல்" என்றார்.

அது சைக்கிளில் விழுந்த காயம் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்.

அதன் பிறகு இரண்டு பேரும் எங்களை மறந்துவிட்டார்கள். தோல் அவித்த கதைக்கு அப்பா உப்பில்லாத கஞ்சிக் கதை சொன்னார். தொண்டுப் தலைப் பேன்களைப் பற்றிச் சொல்ல, அப்பா இரத்தம் குடிக்கும் அட்டைகளைப் பற்றிச் சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினார்கள். அப்பா குலுங்கிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டதில்லை. நேற்றுவரை பெமாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இன்று அந்தக் கட்டிலில் கிடந்த கிழவரைப் பார்த்து.

"பிள்ளைகளிடம் போனாயா?" என்று தொண்டுப் கேட்டார்.

அப்பா பையிலிருந்து இரண்டு தோடம்பழங்களை எடுத்துப் போர்வையில் வைத்தார். "முகாம். வீடு. கிட்ட." இரண்டையும் இன்னும் நெருக்கமாகத் தள்ளினார். "போகவில்லை. பயம். போனால் முகாமுக்குத் திரும்பமாட்டேன்."

"எனக்கும் பயம்" என்றார் தொண்டுப். "ஒவ்வொரு முறையும்."

"ஆனால் நீ போனாய்."

"போனேன்."

அப்பா தலையை ஆட்டினார். பெமா மெதுவாக, "நான் உங்களை எழுதலாமா?" என்று கேட்டாள். என்னிடம் பத்து முறை மறுத்தவர், "ஓம்... யா, யா" என்றார். "நாளைக்கு வீட்டுக்கு வா."

திரும்பும்போது நிலக்கீழ் ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

"எனக்கு ஏனப்பா இதெல்லாம் சொல்லேல்லை?"

"அந்தாளுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லைப் பிள்ளை."

"அப்ப பெமாவுக்கு?"

"அவ என்ர பிள்ளை இல்லைத்தானே. கோவிக்கமாட்டா."

"நானும் கோவிக்கமாட்டன்."

"கோவிப்பாய்" என்றார். ஒரு நிறுத்தம் போன பிறகு, "கோவிக்கத்தான் வேணும்" என்றார். இன்னொரு நிறுத்தம் போனது. "என்ர டொய்ச் பாஷை முழுக்கச் சொல்லக் காணாது. நீ பக்கத்திலை இருந்து அவவுக்குச் சொல்லு, என்ன?"

"ஓமப்பா."

அவர் பெமாவைப் பார்த்துத்தான் பேசுவார். நான் பக்கவாட்டில் இருப்பேன். இதை எழுதும்போதும் பொறாமை வருகிறது. ஆனால் ஒவ்வொரு வாக்கியமும் அவளுக்குப் போகுமுன் எனக்குக் கேட்கும், அதுவும் தமிழில். இந்தக் கணக்குச் சிறுபிள்ளைத்தனம் என்று தெரியும். வெட்டாமல் விடுகிறேன்.

நாளை: காலை பத்து மணிக்குப் பெமா வருகிறாள். அப்பா தமிழில் சொல்வதை நான் ஜெர்மனில் சொல்ல வேண்டும். எதையும் விடக் கூடாது. எதையும் சேர்க்கக் கூடாது.