பாதி முகத்துக்கு இரண்டு கோட்டிங்

வெள்ளிக்கிழமை காலை என் இடது கன்னம் உரியத் தொடங்கியது. குற்றவாளி நான்தான். மகள் அலமாரியில் வைத்திருந்த வைட்டமின் ஏ கிரீமை அவளுக்குத் தெரியாமல் எடுத்து, ஒரு வாரமாக இரவுதோறும் இரண்டு கோட்டிங் அடித்திருந்தேன். அது காய்ந்ததும் மேலே வைட்டமின் சி சீரம். எல்லாம் இடது பக்கத்துக்கு மட்டும்.

பெயிண்ட் ஆலையில் தரச் சோதனை என் வேலை. பெயிண்ட் பூசிய தகட்டின் பாதியை டேப் ஒட்டி மறைத்து, மீதியை மொட்டை மாடி வெயிலில் போட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பேன். ஒப்பிட ஒரு பாதி இல்லாவிட்டால் எனக்கு எதிலும் நம்பிக்கை வராது. முகத்தையும் தகடாகவே நடத்தினேன். வலது பக்கம் ஐம்பத்து நான்கு வயது அப்படியே இருந்தது. இடது பக்கம் வெந்த தக்காளி ஆகியிருந்தது.

இத்தனைக்கும் காரணம் எங்கள் ஆலையில் நிறம் பார்க்கும் மேடம். பட்டப்பெயர் கழுகு. நாங்கள் ஒரே வெள்ளை என்று சத்தியம் செய்யும் இடத்தில் அவருக்கு மூன்று வெள்ளை தெரியும். போன மாதம் கேன்டீனில் அவரிடம், “மேடம், நீங்க ஒரு வீட்டுல, நான் ஒரு வீட்டுல தனித்தனியா சமைச்சு ரெண்டு சிலிண்டரைக் காலி பண்றோம். ஒரே அடுப்பாக்கிடலாமா?” என்று கேட்டேன். மனைவி தவறிப் போன பிறகு நான் யாரிடமும் இப்படிக் கேட்டதில்லை. அவர் சிரித்தார். “யோசிக்கணும் சார்” என்று டம்ளரைக் கழுவப் போனார். அதன் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. என்னைவிட எட்டு வயது இளையவர். என் சுருக்கங்களைத்தான் யோசிக்கிறார் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

மகள் காலி டப்பாவையும் என் கன்னத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, அதைப் பட்டாணி அளவு போடணும். நீங்க செவுத்துக்குப் பூசற மாதிரி பூசியிருக்கீங்க.”

“டப்பால அப்படி எழுதலையே.”

“எழுதியிருக்கு. கண்ணாடி போட்டாதான் தெரியும். நீங்கதான் கண்ணாடி போட்டா வயசாத் தெரியுதுன்னு கழட்டி வச்சுட்டீங்களே.”

“சரி, உண்மையைச் சொல்லும்மா. நான் கிழவனாயிட்டேனா?”

“உங்களுக்கென்னப்பா” என்றாள், போனைப் பார்த்தபடியே.

தோல் டாக்டர் திட்டுவதில் குறை வைக்கவில்லை. “ரெண்டையும் ஒண்ணா ஏன் போட்டீங்க? சி காலையில போடறது, ஏ ராத்திரி போடறது. அதையும் வாரத்துக்கு ரெண்டு நாள்னுதான் ஆரம்பிக்கணும். இப்ப எல்லாத்தையும் நிறுத்துங்க. வெறும் மாய்ஸ்சரைசர், வெளிய போனா சன்ஸ்கிரீன்.”

“ஆறினதும் ஒழுங்காப் போட்டா சுருக்கம் போயிடுமா டாக்டர்?”

“கொஞ்சம் குறையும். மாசக்கணக்குல ஆகும்.”

“எத்தனை வயசு கம்மியாத் தெரிவேன்?”

“அது ஆளுக்கு ஆள் மாறும்” என்று மணியை அடித்து அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

திங்கட்கிழமை, கன்னத்தில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு பல்வலிக்காரன் போல ஆலைக்குள் நுழைந்தேன். கழுகிடம் அது செல்லுமா?

“கையை எடுங்க சார்.”

எடுத்தேன். அவர் முகம் மாறியது. நிறம் ஒப்பிடும் சாம்பல் பெட்டியைக் காட்டி, “தலையை உள்ள விடுங்க” என்றார். விட்டேன். பகல் விளக்கு, ட்யூப் லைட், மஞ்சள் பல்பு என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

“என்னத்தைப் பூசினீங்க?”

“வைட்டமின்.”

“எதுக்கு?”

நாக்கு நுனிவரை ஒரு ஜோக் வந்தது. விழுங்கினேன். “உங்க கண்ணுக்கு நான் கிழவனாத் தெரியறேனோன்னுதான். நீங்க பதிலே சொல்லலையே.”

பல்பை அணைத்தார். “நீங்க எங்க கேட்டீங்க? சிலிண்டரைப் பத்திப் பேசினீங்க. அதுக்கு முந்தின நாள் வாட்ச்மேன்கிட்ட, ‘என் ஸ்கூட்டரைக் கட்டிக்கறீங்களா, சீர் மட்டும் கேக்கக் கூடாது’ன்னு கேட்டீங்க. உங்களுக்கு எல்லாமே விளையாட்டு. நான் நிஜம்னு நம்பி ஒரு பதிலைச் சொல்லி, கேன்டீனே சிரிச்சா, நான் எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறது?”

ஒரு மாதமாக அவரும் என்னைப் போலவே பயந்துகொண்டிருந்திருக்கிறார். எனக்கு அது தோன்றவே இல்லை.

“ஜோக்குக்காக யாரும் கன்னத்தைக் கொளுத்திக்க மாட்டாங்க” என்றார், குரலைத் தணித்து. “இப்ப ஒழுங்காக் கேளுங்க.”

என் தலை இன்னும் பெட்டிக்குள்தான் இருந்தது. வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை.

“என்னைக் கல்யாணம் பண்ணிக்கறீங்களா?”

“பண்ணிக்கறேன்” என்றார். “சாயங்காலம் வீட்டுக்கு வரேன். உங்க பொண்ணுகிட்ட நானே சொல்லணும்.”