கோணல் முடிச்சு

திருடன் வந்து போன வீட்டில் ஏதாவது குறைந்திருக்க வேண்டும். சின்னவள் வீட்டுக் கொல்லையிலோ கூடியிருந்தது. காலையில் பாதியாக இருந்த தண்ணீர்த் தொட்டி, அவள் வேலை முடிந்து மூன்றரை மணிக்கு வந்து பார்க்கும்போது தளும்பிக்கொண்டிருந்தது. சாணியை யாரோ அள்ளி ஓரமாகக் குவித்திருந்தார்கள். மாடு தேய்க்கும் பிரஷ் ஆணியில் ஈரத்தோடு தொங்கியது. பசுவோ எனக்கொன்றும் தெரியாது என்கிற மாதிரி அசைபோட்டுக்கொண்டு நின்றது.

அந்தப் பசுவுக்குச் சீமாட்டி என்று பெயர் வைத்தது அப்பா. நடக்கிற நடையும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற அழகும் அப்படி. அப்பா போய் ஒன்றரை வருஷமாகிறது. வீடும் சீமாட்டியும் நாலு ஆடும் ஒரு டஜன் கோழிகளும் சின்னவளுக்கு வந்தன. நாற்பத்தாறு வயசாகியும் தெருவுக்கு அவள் சின்னவள்தான். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. கணவன் லாரியோடு போனால் வாரக் கடைசியில்தான் வீட்டுப் பக்கம் தலைகாட்டுவான். ஆக, பகல் முழுக்க மாடும் ஆடும் கோழியும் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்படித் தொட்டி நிரம்ப ஆரம்பிப்பதற்குப் பத்து நாள் முன்னால்தான் எதிர்வீட்டுத் தையல்காரரின் ரெண்டு ஆடுகள் பட்டப்பகலில் காணாமல் போயிருந்தன. விசாரிக்க வந்த போலீஸ்காரர் தெருவே கேட்கும்படி பாடம் எடுத்துவிட்டுப் போனார்.

"எடுத்த எடுப்பிலேயே தூக்க மாட்டானுங்கம்மா. முதல்ல நாலு நாள் வந்து பழகுவானுங்க. தீனி போடுவானுங்க, தடவிக் கொடுப்பானுங்க. மாடு கத்தாம பழகினதும் ஓட்டிக்கிட்டுப் போயிடுவானுங்க."

அதைக் கேட்ட நாளிலிருந்து சின்னவள் கொல்லையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்பினாள். அதுவும் சீமாட்டி நிறைமாதச் சினை. முதல் நாள் தொட்டி நிரம்பியிருந்தபோதே போலீஸ்காரர் சொன்ன ஆள்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். தையல்காரரிடம் சொன்னாள், அவர் தெருவிடம் சொன்னார். சாயங்காலத்துக்குள் திருடனுக்கு உயரம், நிறம், மீசை எல்லாம் வந்துவிட்டன.

மூன்றாம் நாள் மாட்டை இடம் மாற்றிக் கட்டலாம் என்று முளைக்குச்சியில் குனிந்தவள், கயிற்றில் கை வைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். முடிச்சு அவிழவில்லை. வழக்கமாக இழுக்கிற பக்கம் இழுத்தால் இன்னும் இறுகியது. எதிர்ப்பக்கமாக இழுத்தாள். பொசுக்கென்று அவிழ்ந்து கையோடு வந்தது.

இடக்கைக்காரி போட்ட முடிச்சு. அப்பா அதைக் கோணல் முடிச்சு என்பார். சின்ன வயசில் அக்கா கட்டிவிட்டுப் போன ஆட்டை அவிழ்க்க முடியாமல் சின்னவள் அழுவாள். "உன் மூளை நேரா இருக்குடி, அதான் அவிழ மாட்டேங்குது" என்று அக்கா சிரிப்பாள். அந்த ஊரில் அந்த முடிச்சைப் போட ஒரே ஒரு ஆள்தான் உண்டு. பின்சந்தில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிற சொந்த அக்கா.

அவளும் இவளும் பேசி ஒன்றரை வருஷம். அப்பா காரியம் முடிந்த வாரத்தில் அவர் மாடு தேய்த்த பிரஷ்ஷை அக்கா ஞாபகத்துக்கு என்று எடுத்துக்கொண்டு போனாள். கேவலம் ஒரு பழைய பிரஷ்! "வரும்போதெல்லாம் எதையாவது தூக்கிக்கிட்டுப் போறதே உனக்குப் பொழப்பாப் போச்சு" என்று, நாலு பேர் நிற்கையில், சின்னவள் கேட்டுவிட்டாள். வாய்தானே, வந்துவிட்டது. அக்கா போய் பிரஷ்ஷை எடுத்து வந்து வாசற்படியில் வைத்தாள். "இனிமே உன் வாசலை மிதிச்சா என்னை ஏன்னு கேளு" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள். வாசலை மிதிக்கவில்லை. கொல்லை வேலியின் இடைவெளி வழியாக வந்திருக்கிறாள்.

அந்த இடத்திலேயே சின்னவளுக்குச் சிரிப்பு வந்திருக்கலாம், அழுகை வந்திருக்கலாம். வந்தது கோபம். என்னிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை, என் மாட்டைக் கொஞ்ச மட்டும் திருட்டுத்தனமாக வருகிறாளா? வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். கயிற்றைத் தன் முடிச்சாகப் போட்டுக் கட்டினாள். மறுநாள் தையல்காரர், "திருடன் வந்தானாம்மா?" என்று கேட்டபோது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம். "வந்தான்" என்றாள். ஒரே ஒரு எழுத்தை மாற்றி, "வந்தாள்" என்று சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

கொத்தனார் வந்தார். வேலியைப் பிடுங்கிவிட்டு ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார். ரெண்டு வரிசை எழும்பியிருக்கும்போதே நெற்றியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"பின்னால ஒரு சின்னக் கதவு விடட்டுமாம்மா? நாளைக்கு ஆத்திர அவசரம்னா சந்துப் பக்கம் போக வர ஒரு வழி வேணும்ல? அப்புறமா இடிக்கிறது கஷ்டம்."

சின்னவள் சுவரைப் பார்த்தாள். சந்தின் கோடியில் அக்கா வீட்டுக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"வேணாம். அடைச்சிடுங்க. மேல கண்ணாடிச் சில்லு பதிச்சிடுங்க."

முன்பக்கத்துக்கு இரும்புக் கேட், கேட்டின் தலையில் ஈட்டி முனைகள், அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. "இந்தப் பூட்டைத் திறக்கணும்னா திருடனே உங்ககிட்ட வந்து சாவி கேட்டு வாங்கணும்மா" என்றார் இரும்புக்கடைக்காரர். தெருவே வந்து பார்த்துப் பாராட்டியது. தொட்டி அன்றிலிருந்து பாதியாகவே இருந்தது. பிரஷ் காய்ந்து கிடந்தது. சின்னவள் ஜெயித்துவிட்டாள். ரெண்டு வாரம் அந்த ஜெயிப்போடு வேலைக்குப் போய் வந்தாள்.

சலவைக்கூடத்தில் கைபேசியைப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அன்று மூன்று மணிக்கு வெளியே வந்து எடுத்துப் பார்த்தாள். பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. பதினொன்றும் அக்காவின் எண். ஒன்றரை வருஷமாக அந்த எண்ணிலிருந்து ஒன்றுகூட வந்ததில்லை.

வீட்டுக்கு வந்தபோது கேட் திறந்து கிடந்தது. பூட்டின் வளையம் அறுபட்டிருந்தது. கொல்லையில் தையல்காரரும் கால்நடை டாக்டரும் நின்றார்கள். சீமாட்டி தரையில் கிடந்த ஒன்றை நக்கிக்கொண்டே இருந்தது. கிடேரிக் கன்று. அப்பா சொல்வாரே, நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு ஒன்று வேணும் என்று, அதே போல. மூச்சு இல்லை.

"கணக்குக்குப் பத்து நாள் முன்னாடியே ஈன்னுடுச்சு" என்றார் டாக்டர். "பனிக்குடத்துச் சவ்வு மூக்கை மூடிக்கிச்சு. பக்கத்துல ஒரு ஆள் இருந்து ரெண்டு விரலால கிழிச்சு விட்டிருந்தா போதும். ஒரு நிமிஷ வேலை."

மிச்சத்தைத் தையல்காரர் சொன்னார். மாடு கத்திய கத்தலில் வித்தியாசம் தெரிந்து அக்காதான் முதலில் ஓடி வந்திருக்கிறாள். சுவரில் கை வைத்து ஏறப் பார்த்திருக்கிறாள். முடியாமல், சந்தைச் சுற்றிக்கொண்டு, தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"கேட்டைப் பிடிச்சு அந்த உலுக்கு உலுக்குறாங்க. கையெல்லாம் ரத்தம். நான் ரம்பம் தேடி எடுத்துட்டு வந்து அறுக்கிறதுக்குள்ள அரை மணி நேரம் ஆயிடுச்சும்மா. உள்ள போனதும் கன்னுக்குட்டி மூக்குல வாயை வச்சு ஊதினாங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் ஊதினாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் திருடனால வந்த வினையைப் பாருங்க. அவன் நல்லாவே இருக்க மாட்டான்."

சின்னவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாட்டின் பக்கம் திரும்பினாள். சீமாட்டியை அக்காதான் இழுத்துக் கட்டியிருக்க வேண்டும், கயிற்றில் ரத்தம் இருந்தது. ஆனால் முடிச்சு நேர் முடிச்சு. ஊரார் எல்லோரும் போடுகிற சாதாரண முடிச்சு.

அக்கா வீட்டுக்குப் போக அவளுக்குக் கொல்லை வழி இல்லை. சுற்றிக்கொண்டுதான் போனாள். அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கையில் தையல் போட்டுப் பெரிய கட்டு. சின்னவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

"பூட்டு நல்ல பூட்டுடி" என்றாள். "கல்லை எடுத்து அடிச்சேன். அசையவே இல்லை."

திட்டியிருந்தால் தேவலை. சின்னவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா. வந்தது நீதான்னு தெரியும். தெரிஞ்சுதான் சுவர் கட்டினேன். தெரிஞ்சுதான் எல்லார்கிட்டயும் திருடன்னு சொன்னேன்."

"ம்."

"முடிச்சைப் பார்த்தேன்."

அக்கா கட்டுப் போட்ட கையை மடியில் மெல்லத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

"நீ பார்க்கணும்னுதானே போட்டேன்" என்றாள். "எனக்கு நேர் முடிச்சு போடத் தெரியாதா? புருஷன் வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து இங்க எல்லாம் நேர் முடிச்சுதான். கோணல் முடிச்சு போட்டு இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. நீ பார்த்தா, அக்கா வந்துட்டுப் போயிருக்கான்னு தெரிஞ்சுக்குவ. கோபம் தீர்ந்ததும் ஒரு நாள் வேலைக்குப் போகாம கொல்லையில நிப்ப. 'வாக்கா'ன்னு சொல்லுவ. நான் வாசலை மிதிச்ச மாதிரியும் ஆகாதுன்னு நினைச்சேன்." சந்துப் பக்கம் பார்த்தாள். "அடுத்த வாரம் பார்த்தா செங்கல் வந்து இறங்குது."

சின்னவள் அழுதாள். அக்கா நல்ல கையால் அவள் தோளைத் தட்டினாள், யாரோ அடுத்த வீட்டுப் பெண்ணுக்குத் தட்டுகிற மாதிரி. கிளம்பும்போது, "எப்பக்கா வருவ?" என்று சின்னவள் கேட்டாள்.

"கை ஆறட்டும், பார்க்கலாம்."

கொத்தனாரை மறுபடி கூப்பிட்டு, புதுச்சுவரை இடித்து, சின்னக் கதவு ஒன்று வைத்தாயிற்று. இடிக்கிறது கஷ்டம்தான், அவர் சொன்னது சரி. கண்ணாடிச் சில்லுகளை உளியால் கொத்தி எடுத்தாயிற்று. கதவுக்குப் பூட்டு கிடையாது, வெறும் கொக்கிதான், அதுவும் சந்துப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிற மாதிரி. தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார். திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றார். சின்னவள் அன்றுதான் அவரிடம் உண்மையைச் சொன்னாள். அதற்குப் பிறகு அவர் திருடனைப் பற்றிப் பேசுவதில்லை.

அக்காவின் கை ஆறிவிட்டது. போன வாரம் காய்கறிக் கடையில் இடக்கையில் பை நிறையத் தூக்கிக்கொண்டு போனதைச் சின்னவள் தன் கண்ணால் பார்த்தாள். நல்லா இருக்கியா என்று கேட்டாள். நல்லா இருக்கேன் என்றாள் அக்கா.

தினமும் மூன்றரை மணிக்கு வந்ததும் சின்னவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக்குப் போகிறாள். தொட்டியைப் பார்ப்பதற்கு முன்னால், மாட்டைப் பார்ப்பதற்கு முன்னால், முளைக்குச்சியில் குனிந்து பார்க்கிறாள். காலையில் அவள் போட்டுவிட்டுப் போன முடிச்சு, போட்டபடியே இருக்கிறது.