இடது இன்ஜினில் குங்குமம்

1.
இந்தக் கதை ஒரு பதிலிலிருந்து பிறந்தது. கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்கும் சிமுலேட்டர் பிரியர்களின் இணையக் குழுவில், ‘இடது இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று எழுதினேன். நிஜ விமானி எப்படிச் செய்வார் என்று ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். அவர்களில் ஒருவரும் விமானி இல்லை. கடைசியாக வந்த ஒருவர் மட்டும், ‘திறந்து துடை’ என்றார்.

2.
முதல் தொடக்கம்: கனகாவின் விரல்கள் த்ராட்டிலின் மேல் ஒரு பறவையைப் போல

[பறவையும் வேண்டாம், போலவும் வேண்டாம்.]

இரண்டாவது: என் மனைவி கனகா போன மார்கழியில் இறந்தாள். இன்ஜினுக்கு ஒன்றாக இரண்டு லீவர் கொண்ட, கணினியோடு இணைக்கும் இந்த த்ராட்டில் அவளுடையது. கீபோர்டில் ஒரே விசையை அழுத்தி இரண்டு இன்ஜினையும் ஓடவிடலாம். அதை அவள் ஏமாற்று என்பாள். முறைப்படி முதலில் ஸ்டார்ட்டர் இன்ஜினைச் சுழற்ற வேண்டும். வேகம் ஏறிய பிறகுதான் எரிபொருள். லீவரை அடிவரை இழுத்தால் கீழே ஒரு பட்டன் அமுங்கி எரிபொருளை அடைக்கும். தூக்கினால் விடுபட்டுத் திறக்கும். அப்படி அமைத்திருந்தாள்.

லீவரைத் தூக்கினாலும் இடது பட்டன் இப்போது விடுபடுவதில்லை; எரிபொருள் திறப்பதில்லை. [இதை உவமையாக்கத் துடிக்கும் வாசகர் எழுந்து போகலாம்.]

அவள் கடைசியாகச் சேமித்துவைத்த பயணம் மைசூர் விமான நிலையத்தில் நிற்கிறது. இரண்டு இன்ஜினும் அணைந்த நிலையில். அந்த விமானத்தை மேலே எழுப்ப வேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான்.

3.
கனகாவின் அண்ணன் சிவகுமார் மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து, ஊருக்குப் போகும் கொள்ளேகால் பஸ்ஸுக்கு முன் என் வீட்டுக்கு வந்தார்.

“ஏனுங் மாப்ள, இன்னும் ஏரோப்ளேன் கெளம்பலீங்களா? எங்கூரு பஸ்ஸே தேவலையாட்ட இருக்குது.”

“வலது ஓடுது மச்சான். இடது பத்திக்கல.”

“பாதி ஓடுதில்ல? உங்க கம்பெனியும் அப்படித்தானுங்க ஓடுது.”

[மச்சானைச் சிரிப்புக்காக உள்ளே விட்டேன் என்று சந்தேகம். ஆனால் த்ராட்டிலின் திருகாணிகளைக் கழற்றியவர் அவர்தான்.]

கைபேசி வெளிச்சத்தில் குனிந்தவர் உள்ளே விரலால் தொட்டு மோந்து பார்த்தார்.

“தூசியில்லீங்க மாப்ள. சந்தனம், குங்குமம். குழைச்சு வெச்சு, வழிஞ்சு, பட்டனோட காஞ்சு ஒட்டியிருக்குது. ஆயுத பூசைக்கு இதுக்குமா பொட்டு வெச்சா? கிறுக்கி.”*

* மிக்சி, ஸ்கூட்டர், கணினி, எல்லாவற்றுக்கும் வைத்தாள். மறுநாள் மருத்துவமனை. அதன்பின், இப்போது நான் தொடும்வரை, லீவரை யாரும் தொடவில்லை.

4.
முடிவு அ: துடைத்தேன். இன்ஜின் ஓடியது. அழுதேன். [இதற்குத்தானே காத்திருந்தீர்கள்.]

முடிவு ஆ: துடைக்காமல் மூடித் திருகினேன். [அடக்கமான முடிவு என்று பாராட்டுவீர்கள்.]

முடிவு இ: அந்த ஒற்றை விசையை அழுத்தினேன். கனகா இருந்திருந்தால் என்னை

5.
மச்சான் ஈரப் பஞ்சோடு நிற்கிறார்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க. தொடைக்கறதா, வேண்டாமா? எனக்குக் கை வரலீங்க. நீங்களே சொல்லிப்போடுங்க.”

எனக்கும் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள். தெரியாவிட்டால், வழக்கம்போல ‘அருமை’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

திரையில் வலது இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.