இல்லாத முடிச்சு

கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டுகிற தொழிலில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பலகையின் இரண்டு ஓரத்தையும் கயிற்றால் கம்பத்தோடு இறுக்கிய பிறகு, கட்டியவன் கீழே பார்த்து, "கட்டியாச்சு!" என்று குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரல் வந்த பிறகுதான் பூச்சுக்காரன் ஏறுவான். ஏறுகிறவன் முடிச்சைக் குனிந்து பார்ப்பதில்லை. ஒரு கையில் சாந்துச் சட்டி, மறு கையில் கரண்டி. எங்கே குனிவது? குனிந்து பார்த்தால் கட்டியவனுக்கு அவமானம் வேறு. 'என் பேச்ச நம்பலையா நீ?' என்று வாய்ச்சண்டை கைச்சண்டையாகிவிடும். பூச்சுக்காரன் மரப்பலகையில் நிற்பதாகத் தெருவில் போகிறவர்கள் நினைக்கிறார்கள். அவன் நிற்பது இன்னொருவன் சொன்ன ஒரு சொல்லின் மேல்தான்.

நம்ம சாரக்காரர் இருபத்தாறு வருஷமாக அந்தச் சொல்லைச் சொல்லிப் பிழைத்தவர். ஒரே ஒரு தடவை கட்டாமல் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வலது ஓரத்தை இறுக்கி முடித்திருந்தார். இடது ஓரத்துக்குக் கயிறு ஒரு முழம் குறைந்தது. வேறு கயிறு வெட்டிவர இறங்கினார். பாதி இறங்கும்போதே மேஸ்திரி பின்பக்கத்திலிருந்து, "அண்ணே, இங்க ஒரு குழாய் சாயுது, சட்டுனு ஒரு கை பிடிங்க!" என்று கத்தினார். அதே நேரம் பார்த்துச் சாந்து குழைத்து முடித்த பூச்சுக்காரன், "ஆச்சாண்ணே?" என்றான். சாரக்காரரின் மனசில் அந்த முடிச்சு அப்போதே விழுந்துவிட்டிருந்தது. எந்தக் கயிறு, எத்தனை சுற்று, எந்தப் பக்கம் இழுப்பு, எல்லாம் உள்ளே முடிந்துபோன காரியம். கை செய்ய வேண்டியதுதான் பாக்கி. "கட்டியாச்சு!" என்று சொல்லிவிட்டு மேஸ்திரியிடம் ஓடினார். குழாயை நிமிர்த்தினார். திரும்பி வரும்போது மனசில் அந்த வேலை மிச்சமில்லை.

மூன்று நாள் அந்தப் பலகை தாங்கியது. பூச்சுக்காரன் சுவரை அழுத்தி அழுத்திப் பூச, இடது முனை தினமும் விரல் அளவு வெளியே நகர்ந்துகொண்டே இருந்திருக்கிறது.

இதுவரைக்கும் மறதி. மறதியை யார் கேட்கப் போகிறார்கள்? மூன்றாம் நாள் மதியம், சாப்பாட்டு டப்பாவை மூடும்போது சாரக்காரருக்குச் சுருக்கென்றது. இடது ஓரம் கட்டினோமா? ஏறிப் பார்க்க இருபது படி. முட்டி வலித்தது, வயிறு நிறைந்திருந்தது. 'கட்டியிருப்போம். கட்டாமலா மூணு நாள் நிக்கும்? காலையில பாத்துக்கலாம்.' அப்படித் தனக்குத் தானே ஒரு 'கட்டியாச்சு' சொல்லிக்கொண்டு துண்டை உதறித் தோளில் போட்டார். மறுநாள் காலை அவர் வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் பூச்சுக்காரன் மேலே போய்விட்டான்.

பலகை வழுக்கியது. அவன் முதல் மாடி உயரத்திலிருந்து விழுந்தான். தொடை எலும்பும் இடுப்பும் போயிற்று. எல்லோரும் விழுந்தவனைத் தூக்கக் கீழே ஓடினார்கள். சாரக்காரர் மேலே ஓடினார். கைக்குச் சிக்கிய கயிறு ஒன்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றித் தளர விட்டார்.

மேஸ்திரி நிமிர்ந்து பார்த்தார். போனில் ஒரு படமும் எடுத்துக்கொண்டார். "முடிச்சு அவுந்திருக்கு. இவரு கட்டி அவுந்து நான் பாத்ததே இல்லை. அவன்தான் ஓரத்துல ஓங்கி மிதிச்சிருப்பான்" என்றார். அதோடு விசாரணை முடிந்தது.

நாலு மாதம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சாரக்காரர் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு பூச்சுக்காரன் வீட்டுக்குப் போனார். மாடியில் ஒரே அறை, சிமெண்டுத் தரை. ஜன்னலோரம் தையல் மெஷின், எதிரே கட்டில். மனைவி சட்டைக் காலர் தைத்துக்கொண்டே பேசுவாள்.

"வாங்கண்ணே. அந்த நாற்காலி வேணாம். கால் ஆடுதுன்னு உங்க தம்பி கண்டுபிடிச்சிருக்காரு. ஒன்பது வருஷமா ஆடாத கால், இப்பதான் ஆடுதாம்."

"ஆடுது" என்றான் பூச்சுக்காரன், கட்டிலில் இருந்தபடி.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"எலும்பு ஒட்டி ஒன்றரை மாசம் ஆச்சாம். இனியும் நடக்கலைன்னா கால் சூம்பிப் போயிடுமாம், அப்புறம் கடவுளே வந்தாலும் ஆகாதாம். இவரு தரையைத் தொட மாட்டேங்கறாரு. பத்து மாசப் புள்ளைகூட எழுந்து நடந்துடும்ணே."

"பத்து மாசப் புள்ளை எங்கிருந்தும் விழுந்ததில்லைடி."

அவன் கட்டில் சட்டத்தைக் கையால் அழுத்திப் பார்த்துக்கொண்டே பேசினான். நாலு மாதமாக இதே பழக்கம். தலையணையைக்கூட அழுத்திப் பார்த்துத்தான் தலை வைத்தான்.

"அண்ணே, அந்த முடிச்ச நான் பாத்தேன்."

சாரக்காரர் ரொட்டிப் பையைக் கட்டில் ஓரம் வைத்தார். "எப்ப?"

"அன்னைக்குக் காலையில ஏறும்போது. உங்க கை முடிச்சு, எனக்குத் தெரியாதா? கண்ணால பாத்தேன். அப்படிக் கட்டினதே அவுந்து என்னைத் தள்ளிச்சுன்னா இனிமே எதை நம்பறது? இந்தத் தரைக்கு அடியில என்ன இருக்குன்னு எனக்குத் தெரியுமா? யாரோ கட்டியாச்சுன்னு சொன்னாங்க, நாம குடி வந்துட்டோம்."

முதல் மாதம் அவன் முடிச்சைப் பற்றிப் பேசியதே இல்லை. இரண்டாம் மாதம், "முடிச்சு இருந்திருக்கும்" என்றான். இப்போது கண்ணால் பார்த்துவிட்டான். சாரக்காரர் எழுந்து வந்துவிட்டார். படியில் இறங்கும்போது கால் தானாகவே ஒவ்வொரு படியையும் தடவிப் பார்த்தது.

வேலையிடத்தில் வர்ணம் அடிக்கிறவன் ஒருவன் இருந்தான். அட்டை கிழிந்த புத்தகம் ஒன்றைச் சாப்பிடும்போதும் விட மாட்டான். அதனால் எல்லோருக்கும் அவன் 'தத்துவம்'. புதன்கிழமை மதியம், மணல் குவியலில் சாய்ந்துகொண்டு அவன் ஆரம்பித்தான்.

"இந்தச் சுவரு, செங்கல்லு, நீங்க, நான் எல்லாம் நினைப்புக்குள்ள நடக்கறதுதான். நினைப்புக்கு வெளியே தனியா ஒரு பொருளும் கிடையாது. நான் சொல்லல, பெரிய பெரிய ஆளுங்க சொல்லியிருக்காங்க."

கலவை போடுகிற அக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப உன் டப்பாவுல இருக்கறதும் நினைப்புதானே? இந்தப் பக்கம் தள்ளு, நான் கொஞ்சம் நினைச்சுப் பாக்கறேன்."

"இதான் உங்ககிட்ட பேசக்கூடாதுங்கறது."

"ஒரு செங்கல்லு உன் கால்ல விழட்டும், உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு அப்ப சொல்லு."

"விழுந்தா வலிக்கும், இல்லைன்னு சொல்லல. அந்த வலி எங்கக்கா இருக்கு? செங்கல்லுலயா? செங்கல்லைக் கேட்டா எனக்கென்ன தெரியும்னு போயிடும்."

அக்கா தன் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்தாள். "உன் வாய் மட்டும் வெளியதான்டா இருக்கு. ஊருக்கே கேக்குது."

எல்லோரும் சிரித்து எழுந்து போனார்கள். சாரக்காரர் போகவில்லை. கையிலிருந்த டப்பா மூடியைத் திருகித் திருகிக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு காரியம் நடந்துச்சுன்னு வையி. ஒருத்தன் மட்டும்தான் பாத்தான். அவனும் மறந்துட்டான். அப்ப அது நடந்ததா, நடக்கலையா?"

"ஒரு மனசுலயும் இல்லைன்னா இல்லைதான்."

சாரக்காரருக்கு நாலு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு முழுசாக வந்தது.

"ஆனா, மறந்துட்டேனான்னு கேட்டுக்கிட்டே இருக்கறவன் எங்கண்ணே மறந்தான்?" என்றான் தத்துவம்.

வந்த மூச்சு பாதியில் நின்றது. "சரி, அதை விடு. இல்லாத ஒண்ண ஒருத்தன் இருந்துச்சுன்னு நினைச்சுட்டான். கண்ணால பாத்தேன்னு சத்தியம் பண்றான். அவனுக்கு?"

"அவனுக்கு அது இருக்குண்ணே. அவன் அதுக்குள்ளதான் குடியிருக்கான். அவனுக்கு வேற உலகம் ஏது?"

இதைச் சொல்லிவிட்டு அவன் புத்தகத்தை மடக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஏணியைத் தூக்கிப் போனான். எந்தக் கூரையைப் பிரித்துப் போட்டோம் என்று அவனுக்குத் தெரியாது.

சாரக்காரர் மணலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு ஆளைக் கீழே தள்ளியது ஒன்று. அதற்கு மேல், அவன் தலைக்குள் ஒரு முடிச்சைக் கட்டியது இன்னொன்று. தான் தப்பிக்க ஒரு கயிற்றைச் சுற்றினார், அவ்வளவுதான். அது மேஸ்திரியின் கண் வழியாகப் போய், வாய் வழியாகப் போய், கடைசியில் பூச்சுக்காரன் படுத்திருக்கிற உலகமாகவே ஆகிவிட்டது. கட்டினதெல்லாம் அவிழ்கிற உலகம். அதில் எவன் காலை ஊன்றுவான்? இருபத்தாறு வருஷத்தில் அவர் கட்டியதில் அவிழவே அவிழாதது அந்த ஒரு முடிச்சுதான்.

மேஸ்திரியிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பொய்யில்லை. மூன்று மணிக்கு, கையில் ஒட்டிய சணல் தூசியோடு, ரொட்டியில்லாமல் பழமில்லாமல் அந்த வாசலில் நின்றார்.

"என்னண்ணே, இன்னைக்கு ஞாயிறா?" என்றாள் மனைவி.

"அந்த முடிச்சு இல்லை, தம்பி."

"என்ன இல்லை?"

"இடது ஓரத்துல நான் கட்டவே இல்லை. கட்டாமலே கட்டியாச்சுன்னு சொன்னேன். மூணாம் நாள் மத்தியானம் சந்தேகம் வந்துச்சு. ஏறிப் பாக்கல. முட்டி வலின்னு விட்டுட்டேன்."

பூச்சுக்காரன் சிரித்தான். "டாக்டர் சொல்லிக் குடுத்தாரா? இப்படிச் சொன்னா எழுந்து நடப்பான்னு? நீங்க நல்ல மனுசன்ணே, அதுக்காக உங்க தலையில மண்ணை வாரிப் போட்டுக்காதீங்க. நான்தான் கண்ணால பாத்தேனே."

"என்ன கயிறு பாத்த?"

"பச்சை நைலான் கயிறு."

"நாம சாரத்துக்கு என்னைக்காவது பச்சைக் கயிறு போட்டிருக்கமா? எல்லாம் சணல்தானே? அந்தப் பச்சை, தண்ணி டிரம்முல கட்டியிருந்தது. நீ கீழ கிடந்தப்ப நான் மேல ஏறிச் சுத்தினேன். மேஸ்திரி எடுத்த படத்துலதான் அது இருக்கு. அந்தப் படத்த உனக்கு ஆஸ்பத்திரியில காட்டினாரு. நீ பாத்தது படத்தை."

தையல் மெஷின் நின்றது.  பூச்சுக்காரன் அந்தக் காலை நேரத்தைத் திரும்ப ஏறிப் பார்க்கிறான் என்பது முகத்தில் தெரிந்தது. ஏறினான், இறங்கினான், மறுபடி ஏறினான். பச்சைக் கயிறு அங்கே நிற்கவில்லை.

மனைவிதான் முதலில் பேசினாள். "எனக்கு ரெண்டு மாசமாவே சந்தேகம்ணே. இரக்கம்னா மூணு ஞாயிறு வரும். நாலாவது ஞாயிறு ஏதாச்சும் வேலை வந்துடும். குத்தம் பண்ணவன்தான் ஒரு வாரம் விடாம வருவான்." குரலை அவள் உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் சாரக்காரருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"நான் கீழ கிடந்தப்ப, நீங்க மேல போனீங்களா?" என்றான் அவன்.

"ஆமா."

"நான் அண்ணன் எங்கன்னு கேட்டேனாம். தூக்கினவங்க சொன்னாங்க."

 சாரக்காரருக்குச் செத்துப் போகலாம் போலிருந்தது. அதுகூடத் தப்பித்துப் போகிற வேலை என்றும் தெரிந்தது.

"மத்த பலகையெல்லாம்? அத்தனை வருஷமா நான் நின்னது?"

"எல்லாம் கட்டினது. என் புள்ளைங்க மேல... வேணாம், சத்தியம் பண்ற வாய் இல்லை இது. எல்லாம் கட்டினதுதான்."

"அப்ப கட்டினது அவுரல."

"அவுரல."

"கட்டாததுதான் விழுந்துச்சு."

"ஆமாம்பா."

பூச்சுக்காரன் குனிந்து தரையைப் பார்த்தான். பிறகு போர்வையை விலக்கி, இளைத்த காலைக் கையாலேயே தூக்கிக் கட்டிலுக்கு வெளியே போட்டான். பாதம் சிமெண்டைத் தொட்டதும் உடம்பு முழுக்க நடுங்கியது. சாரக்காரருக்குக் கை தானாக நீண்டது.

"மெதுவா தம்பி, நான் பிடிச்சிருக்கேன்."

"நீங்க சொல்லாதீங்க."

கை அப்படியே நின்றது.

"நீங்க எதையும் சொல்லாதீங்க. கையை எடுங்க."

மனைவி ஓடிவந்து தோளைக் கொடுத்தாள். அவன் எழுந்தான். வியர்த்துக் கொட்டியது, பற்களைக் கடித்துக்கொண்டான். ஒரு அடி. நின்றான். இன்னொரு அடி. தையல் மெஷின் வரை போய் அதைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதான். தரை ஒன்றும் செய்யவில்லை.

சாரக்காரர் வாசலில் நின்றார். உட்காருங்கள் என்றோ போங்கள் என்றோ யாரும் சொல்லவில்லை.

"மேஸ்திரிகிட்ட நாளைக்குச் சொல்லிடறேன்" என்றார்.

பூச்சுக்காரன் திரும்பாமலே பேசினான். "சொல்லிடறேன்னு நீங்க சொன்னா எனக்கு என்ன தெரியும்? இன்னைக்கே போய்ச் சொல்லுங்க. சொல்லிட்டு, அவரையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்க. அவரு வாயால கேக்கணும்."

மேஸ்திரி ஆறு மணி வரைக்கும் வேலையிடத்தில் இருப்பார். மணி நாலேகால். பேருந்துக்கு நிற்கப் பயமாக இருந்தது. நின்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசு மறுபடி எதையாவது கட்டிவிடும். சாரக்காரர் முட்டியைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.