ஒற்றைக் கொம்பு

அச்சகத்தில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். மற்றவர்கள் கீபோர்டில் ஒரு பக்கம் அடித்து நிமிர்வதற்குள் அவள் மூன்றாவது பக்கத்தில் இருப்பாள். கண் கையெழுத்துப் பிரதியில், வாய் பக்கத்து மேசைக்காரியோடு வம்பில், விரல்கள் மட்டும் தம் பாட்டுக்கு ஓடும். அந்த எக்ஸ்பிரஸ்தான் ஓய்வுபெறும் வயது வருமுன்பே, எரிகிற அடுப்பை எப்படி அணைப்பது என்று தெரியாமல் சமையலறையில் திகைத்து நின்றாள். ஞாபகம் கரைகிற நோய் என்றார் மருத்துவர். இனி இறங்குமுகம்தான் என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கணவர் லிப்ட் மெக்கானிக். வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அலமாரியைக் கலைத்துப் போடுவாள், யாரோ தனக்காகக் காத்திருப்பதாகச் சொல்லிக் கதவைப் பிடித்து இழுப்பாள். பின்னாலேயே திரிந்து அவருக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. ஒருநாள் வேறு வழி தோன்றாமல் அவளை வீட்டுக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்து, பக்கத்தில் செய்தித்தாளை விரித்தார். அவள் நாற்காலியைச் சரிசெய்துகொண்டு அடிக்க ஆரம்பித்தாள். தலையங்கம், வரி விளம்பரம், இரங்கல் செய்தி என்று ஒன்று விடாமல், ஒரு பிழை இல்லாமல். கட்டிய கணவர் பெயர் சில நாள் அவள் வாயில் வராது. விரல்களோ ஒரு எழுத்தையும் மறக்கவில்லை. அதன்பிறகு காலை வேளைகளில் அவருக்கு மூச்சுவிட முடிந்தது. சமைத்தார், துவைத்தார். சில நாள் சும்மா உட்கார்ந்து அந்தத் தடதட சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் கம்ப்யூட்டருக்கும் வயதாகியிருந்தது. நடுவில் திரை உறைந்துபோகும். உறைந்தால் அவள் அழுவாள். அவளுடைய தம்பி ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். பெட்டியை இயக்கும் பழைய சிஸ்டத்துக்கு இனி அப்டேட் வராது, அதன் புதுப் பதிப்பை இந்தப் பெட்டி தாங்காது, இலவசமாகக் கிடைக்கும் வேறொரு சிஸ்டத்தைப் போட்டால் குதிரை மாதிரி ஓடும் என்றான். அக்காவுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்று கிடந்து தவித்தவன் அவன். அவர் சரியென்றார்.

பார்த்துப் பார்த்துத்தான் செய்தான். திரையில் அதே பச்சை வயல் படம், ஐகான்கள் அதே மூலையில். பழையதை அப்படியே நகலெடுத்து வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்தினான்.

மறுநாள் அவள் உட்கார்ந்தாள். ‘கெ’ என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பைத் தட்டி, பிறகு ‘க’வைத் தட்டுவது அவள் படித்த முறை. கையால் எழுதும் வரிசையும் அதுதானே. புதியதிலோ எழுத்து முதலில், கொம்பு பிறகு. அவள் தட்டிய கொம்பு முந்தைய எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அழித்தாள், மறுபடி தட்டினாள். மறுபடி அப்படியே. தடதட சத்தம் விட்டுவிட்டுக் கேட்கவும் அவர் அருகே வந்தார்.

“தப்புத் தப்பா வருது,” என்றாள்.

“நீ சரியாத்தான் அடிக்கிற. மெஷின்லதான் கோளாறு.”

“முதலாளி பார்த்தா என்ன நினைப்பாரு?”

செய்தித்தாளை மடித்துத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டாள். அதன்பின் அந்த நாற்காலிப் பக்கமே போக மறுத்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மைத்துனன் ஓடிவந்தான். விசைப்பலகை அமைப்பை மாற்றினான். கொம்பு சரியானது, வேறு நாலு எழுத்து இடம் மாறி உட்கார்ந்தது. பழையதையே போட்டுவிடலாமா என்று அவர் கேட்டதற்கு, இன்னும் கொஞ்சம் பொறுங்கள், சரிபண்ணிவிடலாம் என்றான். அவனுக்கு ஆபீஸ் வேலையும் கழுத்தை நெரித்தது. இன்று நாளை என்று வாரங்கள் ஓடின. கடைசியில் அவனே கைவிட்டு, நகலிலிருந்து பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட்டான். ஒரு எழுத்து பிசகாமல் எல்லாம் பழையபடி வந்தது.

கெஞ்சிக் கூத்தாடி இருவரும் அவளை உட்காரவைத்தார்கள். கைகள் தாமாகப் போய் விசைகளின் மேல் சரியான இடத்தில் அமர்ந்தன. அவ்வளவுதான். செய்தித்தாளைப் படம் பார்ப்பதுபோலப் பார்த்தாள். கணவர் அவள் விரலைப் பிடித்து ஒரு விசையை அழுத்தினார். திரையில் எழுத்து விழுந்ததைக் கண்டு, விருந்துக்குப் போன வீட்டில் எதையோ காட்டினால் மரியாதைக்குச் சிரிப்பார்களே, அப்படிச் சிரித்தாள்.

இந்த நோயில் இப்படித் திடீரென்று ஒரு படி இறங்குவது சகஜம், சிஸ்டத்தை மாற்றாவிட்டாலும் நடந்திருக்கலாம், மாற்றியதாலும் நடந்திருக்கலாம் என்றார் மருத்துவர். லிப்ட் நின்றால் எந்தப் பாகம் போயிற்று என்று தொட்டுக் காட்டிவிடுகிற மனிதருக்கு அந்தப் பதில் போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் வந்தான்.

“நான் கைய வைக்காம இருந்திருக்கணும் மாமா.”

“நான்தானே மாப்ளே சரின்னேன்.”

“கம்ப்யூட்டர்ல எதப் போட்டு வைக்கட்டும்? பழசா, புதுசா?”

“எது இருந்தா என்ன?”

அவன் எழுந்தான். சோபாவில் இருந்த அவளும் கூடவே எழுந்தாள். பிறந்தது முதல் அவனை ‘டா’ போட்டே கூப்பிட்டு வளர்த்தவள், புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “இருந்து சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள்.

“இன்னொரு நாள் வரேங்க,” என்றான் அவன். அவனுக்கும் அந்த ‘ங்க’ தானாக வந்துவிட்டது.

வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து அவன் ஷூ மாட்டுவதை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கயிற்றைக் கட்டினான், அவிழ்த்தான், மறுபடி கட்டினான். ‘உன்மேல தப்பில்லை’ என்று அவர் சொல்லியிருக்கலாம். உள்ளே அவள் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.