கை ஆடினால் வரும் சத்தம்

மணலில் செருப்பில்லாமல் ஓடிவந்த ஜெனிதாவின் கையிலிருந்த போன் 'டிங்' என்றது. அப்படியே நின்றாள்.

"அம்மா, நைனா கை ஆடிக்கினு கீது."

சுப்பராயன் மாமா அப்போதுதான் படகை ஊரூர் குப்பத்துக் கரையில் ஏற்றியிருந்தார். விடியலில் போனது இரண்டு பேர், வந்தது அவர் மட்டும். வலை இழுக்கும்போது ஜெனிதாவின் அப்பா ஆரோக்கியராஜ் தவறி விழுந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு வாய் குழறியது. தேட வேறு படகுகள் கிளம்பிவிட்டன.

அப்பாவின் மணிக்கட்டில் இருந்தது, ஜெனிதா தான் வேலை பார்க்கும் தரமணி ஆய்வுக்கூடத்தில் செய்த கைப்பட்டை. அதில் பேட்டரி கிடையாது. கை ஆடினால் அந்த அசைவே கரண்டாகும். கொஞ்சம் சேர்ந்ததும் வீட்டு மாடி ஆண்டெனா வழியாக அவள் போனில் ஒரு சத்தம் வரும். கட்டிவிட்ட அன்று, "என் கையே ஈ.பி. ஆபீஸ் ஆயிடிச்சுபா, இனிமே கரண்ட் போனா என்னத்தான் திட்டுவானுங்க" என்று குப்பம் முழுக்கக் காட்டித் திரிந்தார் மனுஷன்.

'டிங்.'

"ஆடுதா?" அம்மா புஷ்பமேரி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆடுதும்மா."

"அப்போ நீந்திக்கினு கீறாரு. அவருக்குத் தெரியாத கடலா." அழுதவர்களை அம்மா அதட்டி அடக்கினாள். கோயிலில் ஃபாதரிடம் சொல்லப் போனவரைத் திரும்பக் கூப்பிட்டாள்.

ஜெனிதாவுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த சத்தம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. அப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. அப்பாவின் கை இப்படி ஆடாது. வலை இழுத்தால் சத்தம் கொட்டும், பீடி பிடிக்க உட்கார்ந்தால் நின்றே போகும். இதுவோ அளந்துவைத்த மாதிரி வந்துகொண்டிருந்தது. எதிரே அலையும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. கையை ஆட்டுவது யார் என்று அந்தப் பட்டைக்குத் தெரியாது.

"இன்னாடி, பேச மாட்டேன்ற? ஆடுதுல்ல?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆடுதும்மா" என்றாள். அது பொய்யில்லை.

மதியம் ஒரு படகு அவரைக் கொண்டுவந்தது. மணலில் பாய் விரித்துக் கிடத்தினார்கள். அம்மா அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, பட்டை கட்டியிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சில்லுனு கீதுடி" என்று பரபரவென்று தேய்த்தாள்.

ஜெனிதாவின் போன் 'டிங்' என்றது.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு இன்னும் வேகமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஜெனிதா போனை அணைக்கவில்லை.