கிருபாபாயின் குதிகால் வாதம்

கிருபாபாய்க்குக் கல்யாணம் தகையாமல் இருந்ததற்கு ஒரே காரணம்தான். வளர வேண்டிய வயதில் அவள் வளராமல் போய்விட்டாள். படிப்பு உண்டு, லட்சணம் உண்டு, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை உண்டு. ஆள் மட்டும் ஐந்தடிக்கு ஒரு விரல் குறைவு. அதைச் சொல்லியே வந்த இடமெல்லாம் தட்டிப் போனது. கடைசியாக வந்து தட்டிப் போனவன் அவளைவிடக் குள்ளம். இந்தக் கொடுமையை எங்கே போய்ச் சொல்ல!

அவள் அப்பா பொன்னுராஜ் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டர். பெண்டாட்டி இறந்த பிறகு மகளை ஒற்றை ஆளாக வளர்த்தவர். மில்லில் ஒரு மிஷின் ஒரு பக்கம் தாழ்ந்து ஆடினால், அதன் காலுக்கடியில் தகடு ஒன்றைச் செருகி மட்டத்துக்குக் கொண்டு வருவார்கள். அதற்குப் பேர் பேக்கிங். பொன்னுராஜுக்கு உலகத்தில் எல்லா நோய்க்கும் அதுதான் மருந்து. கட்டில் ஆடினால் பேக்கிங், பீரோ சாய்ந்தால் பேக்கிங். பக்கத்து வீட்டுக்காரன் பெண்டாட்டியோடு சண்டை போட்டால்கூட, "நடுவுல ஒரு பேக்கிங் குடுத்தா சரியாப் போவும்" என்பார். என்ன பேக்கிங் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

எண்பத்தொன்பதாம் வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை சோலைராஜ் பட்டாளத்தில் இருக்கிறான், ஆறடி. அவன் அப்பா பால்சாமி ரிட்டயர்டு ஏட்டு. அந்தக் குடும்பத்தில் தாத்தா காலத்திலிருந்து ஆம்பளைகள் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போய்க்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பால்சாமி ஒரு சட்டம் வைத்திருந்தார். ஐந்தடி மூன்று இஞ்சுக்குக் குறைந்த பெண் அந்த வீட்டுப் படி ஏறக்கூடாது.

"குள்ளச்சி வந்தா பேரன் செலக்சன்ல நிக்க மாட்டான்" என்று தரகரிடம் சொல்லியிருந்தார். "அளக்கதுக்கு டேப்பு வேண்டாம். போலீசு செலக்சன்ல எம்புட்டுப் பேர இந்தக் கண்ணால அளந்திருக்கேன். அப்பனும் மகளும் ஒண்ணா நிக்கிற போட்டோ ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க, போதும்."

பொன்னுராஜ் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. போட்டோ ஸ்டூடியோவுக்கு மஞ்சப்பையில் ஒரு செங்கலோடு போனார்.

"அப்பா, இது பாவம்" என்றாள் கிருபாபாய்.

"ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்னு இருக்கு. நான் ஒரு செங்கல்தான வைக்கேன்? ஏறு."

ஏறினாள். சேலைக் கொசுவம் செங்கலை மூடிக்கொண்டது. போட்டோவைப் பார்த்த பால்சாமி, "அப்பன் அஞ்சே ஆறு. மக அவன் புருவத்துக்கு வாரா. அஞ்சே மூணு, மயிரிழை பிசகாது" என்று தீர்ப்புச் சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகத் தகவல் அனுப்பினார்.

பொன்னுராஜ் மகளின் பாதத்தை நூலால் அளந்துகொண்டு மதுரைக்கு ஓடினார். செங்கல் கனத்துக்குச் சரியாக ஒரு ஹைஹீல்ஸ் செருப்பு வாங்கி வந்தார். விடியற்காலை பஸ்ஸில் போய்க் கடை திறந்ததும் வாங்கியது. நூலுக்குச் சரியாகத்தான் இருந்தது, காலுக்குத்தான் இல்லை. உயரமான செருப்பில் உடம்பு முன்னால் சரியும், விரல்கள் நுனியில் போய் முட்டும் என்று நூலுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். சோலைராஜ் வாசல் நிலையில் குனிந்துதான் நுழைந்தான், அப்படியும் மண்டையை இடித்துக்கொண்டான். இடித்துக்கொண்டு, வலிக்கிறது என்று முகத்தைச் சுளிக்காமல், வாய்விட்டுச் சிரித்தான். அடுப்படிக் கதவிடுக்கில் நின்று பார்த்த கிருபாபாய்க்கு அந்தச் சிரிப்பு பிடித்துவிட்டது. அதுவரைக்கும் இந்தக் கல்யாணம் நின்று போனால் நிம்மதி என்றுதான் இருந்தாள். இப்போது, ஐயோ நின்று போய்விடக்கூடாதே என்று காலைச் செருப்புக்குள் அழுத்தி நுழைத்துக்கொண்டாள்.

காப்பித் தட்டோடு வெளியே வந்தாள். டொக், டொக் என்று சிமெண்டுத் தரையில் சத்தம். எல்லார் தலையும் திரும்பியது. செருப்புக் காலோடு நடுவீட்டில் ஒரு பெண் வருகிறாள், அதுவும் பெண் பார்க்க வந்த நேரத்தில்! பால்சாமியின் மீசை எழும்பியது.

பொன்னுராஜ் பேக்கிங் கொடுத்தார். "குதிகால் வாதம் சம்மந்தி. வெறுங்கால தரையில வைக்கக்கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. இந்த உசரத்துலதான் செருப்பு போடணுமாம்."

கிருபாபாய்க்கு அப்படியே தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு வாதம் என்று பெற்ற அப்பனே சொல்வானா? போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள்.

ஆனால் மாப்பிள்ளையின் அம்மா ஞானபாக்கியம் முகம் மலர்ந்து எழுந்தாள். "எனக்கும் குதிகால் வாதம்தான்! கட்டிக்கிட்டு வந்த நாள்லயிருந்து இருக்கு. வீட்டுக்குள்ளயும் செருப்புதான், இவியளக் கேளுங்க" என்று புருஷனைக் காட்டினாள். உண்மையாகவே அவள் தரையில் புரள்கிற சேலைக்கடியில் கனத்த அடிபோட்ட செருப்போடுதான் உட்கார்ந்திருந்தாள்.

பால்சாமி தலையை ஆட்டினார். "வாதம் மருந்துல போயிரும். உசரம் மருந்துல வராது." கிருபாபாயை உச்சி முதல் அடிவரை பார்த்தார். "அஞ்சே மூணு. நான் சொல்லல?"

சோலைராஜ் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "கால் ரொம்ப வலிக்கா?"

"இல்ல" என்றாள் கிருபாபாய். நெற்றியில் வியர்வை வடிந்தது.

பேச்சு முடிந்து, சபையில் கல்யாண ஓலை எழுதினார்கள். கல்யாணத்துக்கு இரண்டு மாதம். அந்த நாளெல்லாம் அவள் பட்ட பாட்டை எழுதினால் சாத்தானுக்கே கண்ணீர் வரும். ஸ்ரீவில்லிபுத்தூர் எட்டாத ஊரா? டவுன் பஸ் ஏறினால் அரை மணி நேரம். சம்பந்தி வீட்டார் எந்த நேரமும் வந்து நிற்பார்கள். ஆகையால் மாவாட்டும்போதும் ஹீல்ஸ், துணி துவைக்கும்போதும் ஹீல்ஸ். கறிக்கடைக்குப் போனால், "என்ன கிருபாபாய், சினிமாவுல சேந்துட்டியா?" என்று கேலி.

பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டாள். செருப்புக் கடைக்குச் சாயங்காலம்தான் போக வேண்டும், பகலெல்லாம் நடந்த கால் அப்போதுதான் வீங்கித் தன் முழு அளவைக் காட்டும் என்று கண்டுபிடித்து, பெரிய ஜோடியாக மாற்றி வந்தாள். கம்பெனிப் பஞ்சை மடித்து முன்பாதத்துக்கு மெத்தை வைத்தாள். குதியை முதலில் ஊன்றி, அடியைச் சின்னதாக வைத்து நடந்தால் இடுப்பு பிழைக்கும் என்று தெரிந்துகொண்டாள். ராத்திரி படுக்கப் போகும் முன் அப்பா மில்லிலிருந்து கொண்டுவந்த, நூல் சுற்றுகிற பாபினைத் தரையில் போட்டுப் பாதத்தால் உருட்டினாள். வலி குறைந்ததே தவிரப் போகவில்லை. ஒரு நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றினாள். குதியில் ஆணி அடித்தது போல் ஒரு குத்து. ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, நீங்க சொன்ன வாதம் வந்துட்டுது" என்றாள்.

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான். பொன்னுராஜ் முதல் தடவையாகப் பேக்கிங்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஞானபாக்கியம் புருஷனோடும் மகனோடும் வந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய எருக்கிலை, கூடவே ஒரு செங்கல்.

"மருமக காலச் சரியாக்காம நான் கோயில்ல கொண்டு நிறுத்த மாட்டேன்" என்று அறிவித்துவிட்டு அடுப்படிக்குள் போனாள். ஆம்பளைகள் முன்னறையில் உட்கார்ந்தார்கள். செங்கல் அடுப்பில் ஏறியது. சூடானதும் இறக்கி, மேலே எருக்கிலையை வைத்து, "செருப்பக் கழட்டிட்டுக் குதிகால மட்டும் அது மேல வச்சு அமுக்கு" என்றாள்.

கிருபாபாய் செருப்பைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றினால் குட்டு உடைந்துவிடும். ஆனால் எதிரில் இருப்பதும் செங்கல்தான், அதே கனம்! கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று செருப்பை உதறிவிட்டு, இரண்டு காலையும் தூக்கிச் செங்கல் மேல் வைத்து ஏறி நின்றுவிட்டாள்.

"ஏட்டி, குதிகால வைக்கச் சொன்னா ஏறியா நிப்பே? சுடலையா?"

"சொகமா இருக்கு அத்தை."

சுகமா! எருக்கிலை பொரிந்து கருகியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. இந்த அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கம் சோலைராஜின் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எறங்கு, வேற எலை வைக்கேன்."

"வேண்டாம் அத்தை. செத்த நேரம் நிக்கேனே."

எம்புட்டு நேரம்தான் நிற்க முடியும்? உடம்பென்ன மரக்கட்டையா? ஐயோ அம்மா என்று அலறித் தரையில் குதித்தாள். ஞானபாக்கியத்தின் கண்ணுக்கு எதிரே இருந்த முகம் சட்டென்று மோவாய்க்கு நேரே இறங்கியது.

மாமியாராக வரவேண்டியவள் குனிந்து பார்த்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது? தலைக்கு மேலே போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"நான் இம்புட்டுத்தான் அத்தை. போட்டோவுல நின்னதும் செங்கல்லுதான். வாதமும் முதல்ல பொய்யி, இப்பத்தான் மெய்யாப் போச்சு."

ஞானபாக்கியம் நிமிர்ந்தாள். "ஒண்ணுமில்ல, சூடு" என்று முன்னறைக்குக் குரல் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அறை விழப்போகிறது என்று கிருபாபாய் கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். ஞானபாக்கியம் சேலையைக் கொஞ்சம் தூக்கி, தன் கனத்த செருப்பிலிருந்து ஒரு காலை இறக்கினாள். மறு காலையும் இறக்கினாள். இப்போது இரண்டு பேரும் கண்ணுக்குக் கண் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எங்கப்பா செருப்புக்கு அடியில மரக்கட்ட வச்சுத் தச்சுக் குடுத்தாரு" என்றாள். "முப்பது வருசமாச்சு."

"மாமாவுக்குத் தெரியாதா?"

"நிக்கும்போது செருப்பு இருக்கும். படுத்தா எல்லாரும் ஒரே உசரம்தானட்டி. அவிய கண்ணு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. அத நான் எதுக்குக் கெடுக்கணும்?"

கிருபாபாய் அந்தப் பாதங்களைப் பார்த்தாள். விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. அடியெல்லாம் கால் ஆணி. வாசல் நிலையில் மண்டையை இடிக்கிற ஆறடி ஆள் இந்தக் குள்ளச்சி வயிற்றில்தான் பிறந்திருக்கிறான்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அதைவிடக் கூடுதலாகக் கோபம் வந்தது.

"பஞ்சு நல்லா வச்சுக்கோ, சமாளிச்சுரலாம். நான் சமாளிக்கலையா?" என்றாள் ஞானபாக்கியம்.

"எனக்கு ஏலாது அத்தை."

"கல்யாணம் நின்னு போனா?"

"நிக்கட்டும்" என்றாள். சொன்ன மறு நொடி அழுகை பொங்கியது. அவன் வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை இருந்தது. ஆனாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, காப்பித் தட்டை எடுத்து, வெறுங்காலோடு கதவைத் திறந்தாள். ஞானபாக்கியம் தன் செருப்பைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பிறகு முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு, அவளும் வெறுங்காலோடு பின்னால் போனாள்.

இருவரும் முன்னறைக்கு வந்து நின்றார்கள். பொன்னுராஜ் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தார்.

பால்சாமி மருமகளைப் பார்த்தார். பெண்டாட்டியைப் பார்த்தார். திரும்பவும் மருமகளைப் பார்த்தார். ஒருத்தி குள்ளம் என்றால் ஏமாற்றிவிட்டார்கள் என்று கத்தலாம். ரெண்டு பேரும் குள்ளம் என்றால் முப்பது வருஷமாக இந்தக் கண் என்ன செய்துகொண்டிருந்தது? கண் தப்பாது. தப்பவே தப்பாது. அப்படியானால்?

மெதுவாக எழுந்தார். நிமிர்ந்து நின்று, தன் தலைக்கும் மின்விசிறிக்கும் உள்ள தூரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நான் வளந்திருக்கேன்" என்றார்.

மின்விசிறியைக் கையால் காட்டினார்.

"ரிட்டயரான பொறவு நல்ல ரெஸ்டு. உடம்பு தன்னால வளருது. அதான் இவளுக எறங்கித் தெரியுதாளுக."

பொன்னுராஜ் ஒரு கண்ணைத் திறந்தார். "நானும் வந்த ஒடனே கவனிச்சேன் சம்மந்தி. கேக்கத்தான் சங்கடமா இருந்துச்சு" என்றார். ஃபிட்டர் என்றால் ஃபிட்டர்தான்.

சோலைராஜ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்து, அவள் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு, "கால் வலிக்கா?" என்று கேட்டான்.

"வலிக்கு. சுட்டுப் போச்சு" என்றாள் கிருபாபாய். இத்தனை நாளில் அவனிடம் அவள் சொன்ன முதல் நிஜம் அது. சிமெண்டுத் தரை காலுக்கு எவ்வளவு ஜில்லென்று இருந்தது!

கல்யாணம் நடந்தது. கோயிலுக்கு வெளியே குடும்பப் போட்டோ எடுக்கும்போது, பழைய ஞாபகத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரு செங்கலைக் கொண்டுவந்து மணப்பெண் காலடியில் நைசாக வைத்தார். கிருபாபாய் அதைக் காலால் ஒதுக்கிவிட்டாள். பக்கத்தில் நின்ற பால்சாமியின் கால் அதை இழுத்துக்கொண்டது. பின்னே, வளர்ந்த ஆள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டாரே! போட்டோவில் மகனுக்கு ஈடாக நிற்கிறார், பார்க்கலாம்.

அதோடு விடவில்லை. மதுரைக்குப் போய்க் குதி உயர்ந்த பூட்ஸ் ஒன்று வாங்கி வந்து, காலையில் கடைத்தெருவுக்கும் சாயங்காலம் கோயிலுக்கும் அதிலேயே நடந்தார். மறுமாதமே கட்டிலிலிருந்து இறங்கியவர் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டார். கிருபாபாய் எருக்கிலை பறித்து வந்தாள். ஞானபாக்கியம் செங்கலைச் சுட வைத்தாள்.

"பூட்ஸ சாயங்காலம் போயி வாங்கியிருக்கணும் மாமா. உள்ள பஞ்சு வைக்கணும்" என்றாள் மருமகள்.

"எனக்கு எதுக்கும்மா அதெல்லாம்?" என்றபடி பால்சாமி இரண்டு காலையும் தூக்கிச் செங்கல் மேல் வைத்து ஏறி நின்றார். மாமியாரும் மருமகளும் வெறுங்காலோடு எதிரில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். எருக்கிலை பொரிந்தது. அவர் மீசை துடித்தது, கண் கலங்கியது.

"சுடுது பாருங்க, எறங்குங்க" என்றாள் ஞானபாக்கியம்.

"செத்த நேரம் நிக்கேனே" என்றார் பால்சாமி.